புது வீட்டுச் சுவரில் ஓதம்: எங்கள் பிளம்பரைப் பற்றி, ஒரு வருடத்துக்கு மேல் கழித்து

மேடவாக்கம் பக்கம் புது ஃபிளாட் வாங்கியிருக்கும் தோழி ஒருத்தி, "பெட்ரூம் சுவர் ஊறுதுடி, நம்பிக்கையான பிளம்பர் இருந்தா நம்பர் கொடு" என்று கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டைச் சரிசெய்து கொடுத்தவர் மேல் எனக்கு நன்றியும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. முழுசாகவே எழுதிவிடுகிறேன், படித்துவிட்டு அவளே முடிவு செய்யட்டும்.

நாங்கள் குடிவந்தது 2022இல். முதல் மழைக்காலத்திலேயே, பாத்ரூமை ஒட்டிய பெட்ரூம் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்து உப்புப் பூத்தது. பில்டர் ஆபீஸில் சொன்னால் பெயிண்டரை அனுப்புவார்கள். அவர் சுரண்டி, புட்டி வைத்து, பெயிண்ட் அடித்துவிட்டுப் போவார். "மழை ஈரம்தான் மேடம், வெயில் வந்தா காஞ்சிடும்." சித்திரை வெயிலிலும் சுவர் ஊறியது. நடுவில் வந்து பார்த்த வேறொரு பிளம்பர், ஒரு குழாயைக்கூடத் திறந்து பார்க்காமல், "பாத்ரூம் மொத்தத்தையும் உடைச்சு வாட்டர்ப்ரூஃப் பண்ணணும்" என்று லட்சத்துக்கு மேல் கணக்குச் சொன்னார்.

அப்புறம் வந்தவர்தான் இவர். ஹார்டுவேர் கடைக்காரர் சொல்லி அனுப்பினார். சொந்த ஊர் ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்தில் பட்டாமுண்டை. இந்தியா முழுக்க பிளம்பர்களை அனுப்புகிற பகுதி அது. பிளம்பிங் கற்றுத்தரும் அரசு நிறுவனமே அங்கே இருக்கிறது. சென்னைக்கு வந்து பல வருடமாகிவிட்டதால் தமிழ் நன்றாகப் பேசுவார். வந்ததும் அவர் உளியை எடுக்கவில்லை. "அக்கா, ரெண்டு மூணு நாள் இந்த பாத்ரூமை யாரும் தொடாதீங்க. வால்வு மட்டும் திறந்தே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அதன் காரணம் பிறகுதான் விளங்கியது. கழிவுநீர்ப் பைப்பிலோ தரையிலோ ஒழுகினால், குளிக்காத நாளில் சுவர் கொஞ்சமாவது காயும். தண்ணீர் வரும் லைன் ஒழுகினால், யாரும் குளிக்காவிட்டாலும் ஈரம் நிற்காது, ஏனென்றால் அதில் எந்நேரமும் மாடித் தொட்டியின் அழுத்தம் இருக்கிறது. எங்கள் சுவர் காயவில்லை. அத்துடன் வாட்டர்ப்ரூஃப் பேச்சு முடிந்தது.

அடுத்து, சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் குழாயான வால் மிக்சரைக் கழற்றினார். அது மாட்டியிருந்தால் அதன் வழியாக இரண்டு லைனும் ஒன்றோடொன்று கலக்க வாய்ப்பு உண்டு, தனித்தனியாகச் சோதித்ததாக நம்ப முடியாது. எல்லா முனையிலும் பிளக் அடித்துவிட்டு, அழுத்தத்தைக் காட்டும் முள் வைத்த, கையால் அடிக்கும் பிரஷர் பம்ப்பை மாட்டினார். பச்சைத் தண்ணீர் லைனில் முள் ஏற்றின இடத்திலேயே நின்றது. சுடுதண்ணீர் லைனில் கண்ணெதிரே இறங்கியது. என்னைக் கூப்பிட்டு, "வீடியோ எடுத்துக்கோங்க அக்கா, பில்டர்கிட்ட காட்டணும்" என்றார்.

டைல்ஸை உடைத்துப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. மிக்சருக்கு வரும் எல்போவில், அதாவது பைப்பை வளைத்து இணைக்கும் துண்டில், உள்மரை முழுக்க பிளாஸ்டிக். அந்த இடத்தில் பித்தளை மரை வைத்த எல்போதான் போட வேண்டும். பிளாஸ்டிக் மரையில் உலோக இணைப்பை இறுக்கி முறுக்கினால் மயிரிழை விரிசல் விழும், கீசர் சூடு ஏறி இறங்க அது வளரும். எங்களுடையது அப்படித்தான் விரிந்திருந்தது. அதற்கு அடுத்த ஜாயிண்டில் சிபிவிசி பைப் (சுடுதண்ணீருக்குப் போடும் பிளாஸ்டிக் பைப்) பாதி ஆழம்தான் உள்ளே போயிருந்தது. அவசரமாகச் சொருகிவிட்டு, பிரஷர் ஏற்றிப் பார்க்காமலே பூசியிருக்கிறார்கள். பூசுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பம்ப் மாட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வீட்டு லோனை மாதாமாதம் கட்டிக்கொண்டு, ஊறிய சுவர்ப் பக்கம் குழந்தையைப் படுக்க வைத்தவர்களுக்குத்தான் அந்த ஒரு மணி நேரத்தின் விலை தெரியும்.

அவரை நான் நம்ப ஆரம்பித்தது அவர் வாங்காத காசினால். சாமான் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்து, "நீங்களே கடைக்குப் போய் வாங்குங்க, பில்லும் வாங்கிக்கோங்க" என்றார். கடையில் கமிஷன் வைப்பது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். மீந்த எல்போ, கப்ளிங்கை ஒரு கவரில் போட்டு, திருப்பிக் கொடுக்கச் சொன்னார். கூலி அவருக்கு நாளுக்கு 1,200 ரூபாய், கூட வந்த பையனுக்கு 800. அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பாத்ரூம் தரைக்கு வாட்டம் சரியில்லை. குளித்த தண்ணீர் நஹானி ட்ராப் (தரையில் தண்ணீர் இறங்கும் வடிகால்) பக்கம் போகாமல் கதவோரம் தேங்கும். ட்ராப்பில் நிற்கும் தண்ணீரும் ஆழம் போதாது. குறைந்தது 50 மில்லிமீட்டர் நின்றால்தான் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கும். ஊருக்குப் போய்விட்டு வந்தால் அது வற்றி வீடே நாறும். இதையும் உடைத்துச் செய்துவிடுங்கள் என்று நானே கேட்டேன். முடியாது என்றார். தரையை உடைத்தால் கீழே இருக்கிற, இன்னும் ஒழுகாத வாட்டர்ப்ரூஃப் கெட்டுவிடும், கீழ்வீட்டுக் கூரையில் சொட்டும் என்றார். ட்ராப்புக்கு மட்டும் நாற்றம் தடுக்கிற மூடி வைத்த ஜாலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். கையில் வந்த வேலையை வேண்டாம் என்று சொன்ன ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

புது ஜாயிண்ட் போட்ட பிறகும் சுவரை உடனே மூட விடவில்லை. திறந்தே வைத்து, தினமும் கீசர் போட்டுக் குளிக்கச் சொன்னார். சூட்டில் தாங்குகிறதா என்று பார்த்து, மறுபடி பம்ப் மாட்டி, முள் அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் சிமெண்ட் வைத்தார். மூடுவதற்கு முன் பைப்பின் மேல் அளவு டேப்பை விரித்து வைத்துப் படம் எடுக்கச் சொன்னார், நாளைக்கு யாராவது ட்ரில் போட்டால் பைப் எங்கே ஓடுகிறது என்று தெரிய. அதற்குப் பிறகு இரண்டாவது மழையும் வந்து போய்விட்டது. சுவர் காய்ந்தேதான் இருக்கிறது.

சரி, கோபத்துக்கு வருகிறேன். உடைத்த இடத்தில் இன்று வரை டைல்ஸ் இல்லை. ஷவருக்குக் கீழே, கண்ணுக்கு நேராக, சொரசொரப்பான சாம்பல் நிற சிமெண்ட். அந்த டிசைன் கடையில் வருவது நின்றுவிட்டது. பில்டர் மிச்சம் டைல்ஸ் எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. டைல்ஸ் ஒட்டுவது பிளம்பர் வேலை இல்லை, அது எனக்குத் தெரியும். அவர் அன்றைக்கே "அது என் வேலை இல்லக்கா" என்று சொல்லியிருந்தால் நான் வேறு ஆள் பார்த்திருப்பேன். ஆனால் அவர் சொன்னது, "டைல்ஸ் நான் பாத்துக்கறேன். தெரிஞ்ச மேஸ்திரி இருக்கார், மேட்சா பீஸ் கொண்டு வருவார்." அதிலிருந்து ஒவ்வொரு முறை கூப்பிட்டாலும் "நாளைக்கு கண்டிப்பா வந்துடறோம் அக்கா." நாளைக்கு என்று சொன்னதற்காக என் வீட்டுக்காரர் லீவு போட்டுக் காத்திருந்திருக்கிறார். வரவில்லை, வரமாட்டேன் என்று ஒரு போனும் இல்லை. பைப்பைப் பற்றி ஒரு பொய்கூடச் சொல்லாத மனிதர் நாளைக்கு வருகிறேன் என்பதை மட்டும் ஏன் இவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்? சிமெண்ட்டில் சோப்பு நுரை தங்கிக் கறுக்கிறது. வாரா வாரம் பிரஷ் போட்டுத் தேய்க்கிறவள் நான்.

தோழிக்குப் பயன்படுகிற விஷயம் ஒன்று. உடைக்கும் முன்பே பில்டருக்கு எழுத்தில் கொடுத்துவிடு. 2016ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டத்தில் பிரிவு 14(3) இருக்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் வேலைத்தரக் குறையைத் தெரிவித்தால், காசு வாங்காமல் 30 நாளுக்குள் அவர்கள் சரிசெய்ய வேண்டும்; இல்லையென்றால் இழப்பீடு கேட்கலாம். நான் பெயிண்டர் வந்து போன ஒவ்வொரு தடவையும் மெயில் அனுப்பி வைத்திருந்தேன். "வெளி ஆளை வெச்சு உடைச்சிட்டீங்க, எங்க பொறுப்பு இல்லை" என்றுதான் முதலில் சொன்னார்கள். அந்த மெயில்களையும் முள் இறங்கும் வீடியோவையும் சேர்த்து, சட்டப் பிரிவைக் குறிப்பிட்டுக் கடிதம் போனதும் சாமான் செலவைக் கொடுத்தார்கள். கூலியைத் தரவில்லை. நான் இன்னும் விடவில்லை.

இவரைக் கூப்பிடலாமா என்றால், போன வாரம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்றிருப்பேன். இன்று காலையும் "நாளைக்கு" என்றார், அதனால் இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அந்த இரண்டும் பிரஷர் பம்ப்புக்கு. டைல்ஸுக்கு ஹார்டுவேர் கடையில் வேறு மேஸ்திரி நம்பர் வாங்கிவிட்டேன். பொருந்துகிற டைல்ஸ் தேடாமல், ஷவர் பக்கத்துச் சுவர் முழுக்க வேறு நிறத்தில் ஒட்டிவிடலாம் என்கிறார். சனிக்கிழமை அளவெடுக்க வருகிறார்.