பிளவ் லேன்: லண்டனின் ஒரு சின்னக் கால்பந்து மைதானத்துக்குப் போகிறவர்களுக்கு

லண்டனுக்கு வரும் நண்பர்களும் உறவினர்களும் தவறாமல் கேட்பார்கள்: "ஒரு ஃபுட்பால் மேட்ச் பார்க்கணும், எமிரேட்ஸுக்கு டிக்கெட் கிடைக்குமா?" ஆர்சனல் அணியின் அந்தப் பெரிய மைதானத்துக்கு டிக்கெட் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் குடும்பத்தோடு போனால் பை காலியாகிவிடும். அவர்களை நான் கூட்டிக்கொண்டு போவது பிளவ் லேனுக்கு. தென்மேற்கு லண்டனில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் அணியின் மைதானம் அது. ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர்தான் கொள்ளும். 2020 நவம்பரில் டான்காஸ்டர் ரோவர்ஸுடன் முதல் ஆட்டம் நடந்தபோது கொரோனா கட்டுப்பாட்டால் இருக்கைகள் காலியாக இருந்தன. அடுத்த சீசனில் ரசிகர்களுக்கு முழுமையாகக் கதவு திறந்ததிலிருந்து நான் போய் வருகிறேன். அணி மூன்றாம் நிலையான லீக் ஒன்னிலிருந்து நான்காம் நிலைக்கு இறங்கியதை இங்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 2025இல் மறுபடி ஏறியபோதும் கூட இருந்தேன். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். முதல்முறை போகிறவருக்கு இது உதவவேண்டும் என்பது என் ஆசை.

டென்னிஸ் விம்பிள்டன் வேறு, இது வேறு. டென்னிஸ் நடக்கும் இடம் ஊரின் வேறொரு பக்கம். வரைபடத்தில் "விம்பிள்டன் ஸ்டேடியம்" என்று தேடிக் கிளம்பாமல் "பிளவ் லேன்" என்றே தேடுங்கள்.

போவதற்கு வழிகள் பல. விம்பிள்டன் நிலையத்துக்கு டிஸ்ட்ரிக்ட் லைன், டிராம், பெரிய ரயில் எல்லாம் வரும். அங்கிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான நடை. ஏர்ல்ஸ்ஃபீல்டிலிருந்தும், நார்தர்ன் லைனில் வந்து டூட்டிங் பிராட்வேயில் இறங்கியும் நடக்கலாம். கார் மட்டும் வேண்டாம். மைதானத்தில் பார்வையாளர்கள் வண்டி நிறுத்த இடம் கிடையாது, சுற்றுத் தெருக்களிலும் குடியிருப்போருக்கான கட்டுப்பாடுகள் உண்டு. நான் முதல் தடவை வருகிறவருக்குச் சொல்வது ஹேடன்ஸ் ரோடு நிலையம். சின்ன நிலையம், தேம்ஸ்லிங்க் ரயில் அரை மணிக்கு ஒன்றுதான் வரும், ஒன்றைத் தவறவிட்டால் நடைமேடையில் காத்துக்கிடக்க வேண்டும். ஆனாலும் அங்கே இறங்கச் சொல்வதற்குக் காரணம், அங்கிருந்து மைதானத்துக்குப் போகும் பத்து நிமிட நடைதான்.

நிலையத்திலிருந்து வடக்கே நடந்தால் ஒரு சந்திப்பு வரும். டர்ன்ஸ்ஃபோர்டு ரோடும் பிளவ் லேனும் சேரும் முனை. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று நிற்கும். பார்த்தால் லண்டனின் எந்த மூலையிலும் இருக்கக்கூடிய கட்டடம்தான். பழைய பிளவ் லேன் மைதானம் இருந்த இடம் அது. 1889இல் தொடங்கிய விம்பிள்டன் அணி 1912இல் அங்கே வந்தது. 1935இல் ஓர் அமெச்சூர் கோப்பை ஆட்டத்துக்கு 18,080 பேர் அங்கே நின்று பார்த்திருக்கிறார்கள். 1977இல்தான் இந்த அணி தொழில்முறை அணிகளின் ஃபுட்பால் லீக்குக்குள் நுழைந்தது; ஒன்பதே ஆண்டில் அன்றைய உச்ச நிலையான முதல் டிவிஷனுக்கு ஏறியது. 1988 மே மாதம் வெம்பிளியில் நடந்த, இங்கிலாந்தின் முக்கிய நாக்அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் இறுதியில், அன்றைய இங்கிலாந்தின் மிகப் பலமான அணியான லிவர்பூலை 1-0 என்று வென்றது. லாரி சாஞ்செஸ் தலையால் அடித்த கோல். ஜான் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்டியை டேவ் பீசன்ட் பாய்ந்து தடுத்தார். வெம்பிளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதிகளில் தடுக்கப்பட்ட முதல் பெனால்டி அது.

1991இல் அணி அந்த மைதானத்தை விட்டு வெளியேறி, கிறிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஒண்டுக்குடித்தனம் போனது. பழைய மைதானம் 2002இல் இடிக்கப்பட்டது. அதே 2002 மே மாதம், எஃப்.ஏ. எனப்படும் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அமைத்த மூன்று பேர் கொண்ட குழு ஒன்று, அணி ஐம்பது மைலுக்கு மேல் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸ் நகரத்துக்குப் போகலாம் என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ரசிகர்கள் கீழிருந்து புதிதாக ஓர் அணியைத் தொடங்குவது பரந்த கால்பந்து நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்த அறிக்கை சொன்னது. ரசிகர்கள் சில வாரங்களிலேயே அதைத் தொடங்கினார்கள்; அதுதான் ஏ.எஃப்.சி. விம்பிள்டன். விம்பிள்டன் காமன் என்னும் பொதுவெளியில் ஆட விருப்பமுள்ளவர்களை வரச்சொல்லித் தேர்வு நடத்தினார்கள். அந்த ஜூலையில் சட்டன் யுனைடெட்டுடன் முதல் நட்பு ஆட்டம். நாலு கோலில் தோற்றாலும் அதைப் பார்க்க நாலாயிரத்துக்கு மேல் கூட்டம். கீழ்நிலை உள்ளூர்ப் போட்டியான கவுண்டி லீக்கில் தொடங்கி, 78 லீக் ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல் ஆடி, ஒன்பது சீசனில் ஐந்து முறை மேலேறி, 2011இல் ஃபுட்பால் லீக்குக்குள் வந்து சேர்ந்தார்கள்.

இதையெல்லாம் அந்த முனையில் நின்று யோசித்துவிட்டு வலப்பக்கம் திரும்பி பிளவ் லேனில் நடங்கள். சிறிது தூரத்தில் வாண்டில் ஆற்றின் பாலம். தேம்ஸுக்குப் போய்ச் சேரும் சின்ன ஆறு. ஒருகாலத்தில் கரை நெடுக ஆலைகள் இருந்தன. பாலம் தாண்டினால் இடது கையில் புது மைதானம். முன்பு நாய்ப் பந்தயம் நடந்த இடம் இது. 2017 மார்ச்சில் கடைசிப் பந்தயம் ஓடியது. பிரிந்து போன வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். திரும்ப இருபத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன. இந்த நடையை விட்டுவிட்டு டாக்ஸியில் வாசலில் இறங்கினால், உங்களுக்குத் தெரிவது குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு விளையாட்டு அரங்கம் மட்டும்தான்.

வெளியிலிருந்து பார்க்க அது அப்படித்தான் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மைதானத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான வீடுகள் கொண்ட உயரமான கட்டடங்கள். தூரத்திலிருந்தே விளக்குக் கம்பங்கள் தெரியும் பழைய மைதானங்களின் அழகு இங்கே இல்லை. அந்தக் கட்டடங்களும் இந்த மைதானமும் ஒரே திட்டத்தில் சேர்ந்து எழுந்தவை, அதனால் அதை நான் குறையாக எண்ணுவதில்லை. மேற்கு ஸ்டாண்ட் மட்டும்தான் பெரிய, நிரந்தரமான கட்டடம். மற்ற மூன்று பக்கமும் எளிய இரும்புச் சட்டத்தில் எழுந்தவை. பின்னால் பணம் சேரும்போது இருபதாயிரம் பேர்வரை பெரிதாக்கலாம் என்ற எண்ணத்தோடு கட்டியிருக்கிறார்கள். கட்டும்போதே பணம் போதவில்லை. முன்பு இருந்த கிங்ஸ்மெடோ மைதானத்தைச் செல்சீக்கு விற்றார்கள். அதன் பிறகும் இடைவெளி இருந்தது. 2020 தொடக்கத்தில் ரசிகர்களிடம் கடன்பத்திரம் விற்று ஐம்பது லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். கிளப்பின் பெரும்பான்மைப் பங்கு இன்றும் டான்ஸ் டிரஸ்ட் என்னும் ரசிகர் அமைப்பின் கையில். உங்கள் பக்கத்து இருக்கையில் சாண்ட்விச் பிரித்துக்கொண்டிருக்கும் அம்மா இந்த மைதானத்தின் உரிமையாளர்களில் ஒருவராக இருக்க வாய்ப்பு அதிகம். பேச்சுக் கொடுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள்.

சரி, எங்கே உட்காருவது? முதல்முறை என்றால் மேற்கு ஸ்டாண்ட். உயரத்திலிருந்து ஆட்டத்தின் வடிவம் முழுசாகத் தெரியும், கூரையும் நல்ல காப்பு. கிழக்கு ஸ்டாண்ட் மேற்கைப் பார்த்தது என்பதால், வெயில் அடிக்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் சூரியன் கண்ணில் விழும். தொப்பி கொண்டுபோங்கள். எந்தப் பக்கமானாலும் முன்வரிசைகளில் காற்றோடு வரும் மழை உங்களை விடாது. தெற்கு ஸ்டாண்ட் பாடுகிறவர்களின் இடம். அங்கே தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டே பார்ப்பார்கள், பாட்டு ஓயாது. சின்னக் குழந்தைகளோடு அங்கே டிக்கெட் எடுக்காதீர்கள், முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்ப்பார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் கண்டிப்பாக அங்கேதான்.

டிக்கெட்டை கிளப்பின் இணையதளத்திலேயே முன்கூட்டி வாங்குங்கள். எதிரணி நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு உள்ளூர் ரசிகர் பகுதிக்குப் போகாதீர்கள்; இங்கிலாந்து முழுக்க இதுதான் வழக்கம். இந்த அணியின் நிறம் நீலமும் மஞ்சளும்.

நான் இங்கே திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணம் காதில் விழும் சத்தம். பெரிய அரங்கங்களில் அறுபதாயிரம் பேரின் இரைச்சலில் ஆட்டத்தின் ஒலி மூழ்கிவிடும். இங்கே பந்தைக் காலால் அடிக்கும் 'தப்' கேட்கும். கோல்கீப்பர் தன் தடுப்பாட்டக்காரரைப் பெயர் சொல்லிக் கத்துவது கேட்கும். இரண்டு பேர் மோதும்போது மூச்சு வெளியேறுவதுகூடக் கேட்கும். பயிற்சியாளர் கோட்டோரம் நின்று "இடது பக்கம், இடது பக்கம்" என்று அலறுவதும், அதைக் கேட்டு விங்கர் (ஓரத்தில் ஆடுபவர்) நகர்வதும், அந்த நகர்வால் பத்து விநாடி கழித்து ஒரு வாய்ப்பு உருவாவதும் உங்கள் கண்முன் நடக்கும். தொலைக்காட்சி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். இங்கே பந்து இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்வீர்கள். கால்பந்து அதிகம் தெரியாத என் உறவினர்கள் ஒரே ஆட்டத்தில் ஆஃப்சைடைப் புரிந்துகொண்டது இப்படித்தான்.

ஆட்டத்தரம் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரிமியர் லீக் நுணுக்கத்தை எதிர்பார்த்து வராதீர்கள். பந்து அடிக்கடி காற்றில் இருக்கும், உடல்பலம் அதிகம் பேசும், சில ஆட்டங்கள் மந்தமாகவே முடியும். 2021-22 சீசனின் பிற்பாதி முழுக்க ஒரு லீக் வெற்றிகூட இல்லை. ஆனாலும் அந்த மாதங்களில் கூட்டம் வந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் இந்த இடத்தின் மீது எனக்கு மரியாதை கூடியது. அணியையே இழந்து பார்த்தவர்களுக்கு லீக் இறக்கம் ஒரு பெரிய துக்கம் அல்ல.

2024 செப்டம்பரில் நடந்ததும் அப்படித்தான். கனமழையில் வாண்டில் கரை மீறி மைதானத்துக்குள் புகுந்தது, புல்தரையின் ஒரு பகுதி அப்படியே உள்வாங்கிக் குழியானது. நியூகாசிலுடன் இங்கே நடக்கவேண்டிய லீக் கோப்பை ஆட்டத்தை அவர்கள் ஊருக்கே மாற்றவேண்டியதாயிற்று. ரசிகர்கள் பணம் திரட்டினார்கள். அந்த சீசன் முடிவில், வெம்பிளியில் வால்சாலை 1-0 என்று வென்று லீக் ஒன்னுக்கு ஏறியது இதே அணிதான்.

ஒரு எச்சரிக்கை. மில்டன் கீன்ஸுக்குப் போன அணி இன்று எம்.கே. டான்ஸ் என்ற பெயரில் ஆடுகிறது. அந்தப் பெயரை இங்கே விளையாட்டாகக்கூட எடுக்காதீர்கள், "நீங்களும் அவர்களும் ஒன்றா?" என்று கேட்டுவிடாதீர்கள். பழைய விம்பிள்டனின் கோப்பைகளும் பெருமைகளும் 2007இல் விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் நகராட்சியிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டுவிட்டன. 1988 கோப்பை யாருடையது என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. இரண்டு அணிகளும் மோதும் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைப்பதும் சிரமம், சூழலும் கசப்பாக இருக்கும். முதல் வருகைக்கு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

உள்ளே பை (pie), பர்கர், சிப்ஸ், தேநீர் கிடைக்கும். வயிற்றுக்குப் போதும், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இடைவேளை விசில் ஊதுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே எழுந்தால் வரிசையில் நிற்கவேண்டாம். பீர் வாங்கலாம், ஆனால் இருக்கைக்குக் கொண்டுவர முடியாது. ஆடுகளம் தெரியும் இடத்தில் மது அருந்துவதை 1985 சட்டம் தடுக்கிறது. மைதானத்திலேயே ஃபீனிக்ஸ் என்ற பார் இருக்கிறது. பழைய கதைகள் கேட்கவேண்டும் என்றால் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே போய்விடுங்கள்.

உடை விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். டிசம்பரில் மூன்று மணி ஆட்டம் என்றால் நாலு மணிக்கெல்லாம் சூரியன் அடைந்துவிடும். தரையிலிருந்து ஏறும் குளிர் பாதத்தில்தான் முதலில் பிடிக்கும். இரண்டு ஜோடி சாக்ஸ், கையுறை, காதை மூடும் குல்லாய். ஊரிலிருந்து வருகிறவர்கள் ஜாக்கெட்டை மட்டும் நம்பி வந்து இரண்டாம் பாதியில் நடுங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சனிக்கிழமையா செவ்வாய் இரவா என்று கேட்டால், குழந்தைகளுக்குச் சனி. பெரியவர்கள் மட்டும் என்றால் செவ்வாய் இரவு. விளக்கொளியில் புல்லின் பச்சையே வேறு, கூட்டமும் அன்று இன்னும் நெருக்கமாக இருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஹேடன்ஸ் ரோடு நிலையத்தை நோக்கிப் போவார்கள். நீங்கள் எதிர்த்திசையில், காரட் லேன் வழியாக டூட்டிங் பிராட்வேக்கு நடங்கள், இருபத்தைந்து நிமிடம் போதும். லண்டனில் தமிழர்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளில் ஒன்று அது. அப்பர் டூட்டிங் ரோட்டில் முத்துமாரி அம்மன் கோயில்கூட இருக்கிறது. தோசை, கொத்துரொட்டி, ஆட்டுக்கறி எல்லாம் கிடைக்கும். குளிரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்த உடம்புக்குச் சூடான சாம்பார் முதல் கரண்டியிலேயே வேலை செய்யும். சாப்பிட்டு முடிப்பதற்குள் நிலையத்துக் கூட்டம் வடிந்திருக்கும், நார்தர்ன் லைனில் உட்கார இடமும் கிடைக்கும்.