மூன்று நோடு கலேரா கிளஸ்டர்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மரியாடிபி என்ற தரவுத்தள மென்பொருளை மூன்று சர்வர்களில் கலேரா கிளஸ்டராக (நோடு எனப்படும் ஒவ்வொரு சர்வரும் முழுத் தரவையும் வைத்திருக்கும் கூட்டமைப்பாக) நிறுவி, முன்னால் இணைப்புகளைப் பிரித்தனுப்பும் ஹெச்ஏபிராக்ஸியை வைத்துச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஒரு சர்வர் விழுந்தாலும் சேவை தொடர வேண்டும் என்பவருக்கு இது ஏற்ற ஏற்பாடு. எழுதும் வேகம் மும்மடங்காகும் என்று நம்பி வருபவர் வேறு வழி பார்ப்பதே நல்லது.

எந்த நோடில் எழுதினாலும் அதே மாற்றத்தை மற்ற இரண்டும் செய்தாக வேண்டும் என்பதால், எழுதும் சுமை பகிரப்படுவதே இல்லை. போதாக்குறைக்கு, அட்டவணையின் ஒரே வரிசையை இரண்டு நோடுகளில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மாற்றினால், கமிட் வேளையில், அதாவது மாற்றத்தை உறுதிசெய்யும்போது, நடக்கும் சரிபார்ப்பில் பிந்தியது தோற்று, 1213 என்ற டெட்லாக் பிழையோடு திரும்பி வரும். இருப்புக் கணக்கைக் குறைக்கும் அட்டவணையில் இதை அடிக்கடி பார்த்தோம். எழுதும் வினவல்கள் அனைத்தையும் ஒரே நோடுக்குத் திருப்பி, வாசிப்பை மட்டும் மற்றவற்றுக்குப் பகிர்ந்த பிறகு அந்தத் தொல்லை ஏறக்குறைய ஓய்ந்தது. மூன்றில் மெதுவான டிஸ்க் எதுவோ, அதன் வேகத்துக்கே மொத்தக் கிளஸ்டரும் இறங்கிவிடும் என்பதால் சர்வர்கள் ஒரே தரத்தில் இருப்பது அவசியம்.

ஃபெயில்ஓவரில், அதாவது ஒரு நோடு விழுந்தாலும் மற்றவை சேவையைத் தொடர்வதில், எனக்குக் குறையில்லை. முறைப்படி நிறுத்தினால் நோடு சத்தமின்றி விலகும்; மின்சாரம் திடீரெனப் போனால், அது இறந்துவிட்டதாக மற்றவை முடிவு செய்யும் வரை, அதாவது இயல்பான அமைப்பில் 5 விநாடிகள் அளவுக்கு, கமிட்கள் நின்று பிறகு தொடரும். ஆனால் மரியாடிபியின் 3306 போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஹெல்த் செக்கை நம்பக் கூடாது: பெரும்பான்மையை இழந்த நோடும் இணைப்பை ஏற்றுக்கொண்டு, வினவலுக்கு 1047 பிழையைத் தரும். நோடின் நிலை எண் 4, அதாவது ஒத்திசைந்த நிலை, என்பதைச் சோதிக்கும் ஸ்கிரிப்டே பொருத்தமானது.

பராமரிப்புக்காக நிறுத்திய நோடு திரும்பும்போது, விடுபட்ட மாற்றங்கள் மற்ற நோடுகளின் ஜிகேஷில் (அண்மை மாற்றங்களை டிஸ்க்கில் வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பில்) மிச்சமிருந்தால் அவற்றை மட்டும் பெறும். இல்லையேல் முழுத் தரவுத்தளத்தையும் நகலெடுக்கும். பெரிய தரவுத்தளத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நிமிடங்களுக்கும் மணிகளுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே ஜிகேஷைத் தாராளமாக ஒதுக்குங்கள். டிஸ்க் இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் இதுவல்ல.