டேனிஷ் கோட்டைக்குப் போனால் கண்ணாடிப் பெட்டியை விட்டுச் சுவரைப் பாருங்கள்

தரங்கம்பாடி போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், வெள்ளிக்கிழமை போகாதீர்கள், கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். நான், அம்மா, பெரியப்பா. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரைக்கும் ஒரு காலத்தில் ரயில் ஓடியது, 1986-இல் நிறுத்திவிட்டார்கள். அந்த ரயிலைப் பற்றியே பெரியப்பா வழிநெடுகப் பேசிக்கொண்டு வந்தார், அம்மா தூங்கிவிட்டார்.

பெரியப்பாவை வற்புறுத்தி அழைத்துப் போனதற்குக் காரணம் உண்டு. அவர் அந்தக் கோட்டைக்குள் ஒரு ராத்திரி படுத்துத் தூங்கியவர். நம்பமாட்டீர்கள், ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு 1978 வரைக்கும் டேன்ஸ்போர்க் கோட்டை அரசாங்கத்தின் பயணியர் மாளிகை. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் தங்குவதற்கான இடம், அவ்வளவுதான். பெரியப்பா அப்போது ஒரு அதிகாரிக்குக் கோப்பு தூக்கிக்கொண்டு வந்த இளநிலை உதவியாளர். அப்புறம்தான் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டு அருங்காட்சியகம் ஆக்கியது. பழைய கட்டடத்தை அருங்காட்சியகமாக மாற்றுவது என்றால் ஏதோ பெரிய திறப்பு விழா நினைவுக்கு வரும். இங்கே நடந்தது என்னவோ கட்டிலை வெளியே எடுத்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டியை உள்ளே வைத்ததுதான் என்று பெரியப்பா சொன்னார். அது கொஞ்சம் மிகை, ஆனாலும் எனக்குப் பிடித்தது.

சரி, கோட்டை. 1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி, ஓவே கெத்தே என்ற டென்மார்க் கடற்படைத் தளபதி கட்டத் தொடங்கியது. நாயக்கர் டென்மார்க் அரசருக்கு எழுதிய கடிதம், பனையோலை வடிவில் தங்கத் தகட்டில் தமிழில் எழுதியது, இன்றைக்கும் கோபன்ஹேகனில் இருக்கிறது. இங்கே வந்து நின்றுகொண்டு அதை நினைத்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

உள்ளே பீங்கான் துண்டுகள், சுடுமண் பொம்மைகள், ஈட்டிகள், சின்ன பீரங்கிக் குண்டுகள், ஒரு திமிங்கலத்தின் எலும்பு என்று இருக்கின்றன. குழந்தைகள் எலும்பிடம் போய் நிற்பார்கள், மற்றவர்கள் பத்து நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கடலைப் பார்க்கப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் போயிருப்பேன். பெரியப்பாதான் "மேல இருக்குறத அப்புறம் பாக்கலாம், கீழ வா" என்று இழுத்துக்கொண்டு போனார்.

கீழே போனதும்தான் விஷயம் புரிந்தது. கீழ்த்தளம் சரக்குக்கும், சிப்பாய்களுக்கும், கைதிகளுக்கும். மேல்தளம் ஆளுநருக்கும் பாதிரியாருக்கும். மிளகு மூட்டையும் கைதியும் ஒரே தளத்தில், ஒரே மாதிரி வளைந்த கூரைக்கு அடியில். அதைப் புரியவைக்க ஒரு பலகையும் வேண்டாம், அந்த அறையில் அஞ்சு நிமிடம் நின்றால் போதும். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே குளிர்ச்சி, ஆனால் காற்றே கிடையாது. மேலே ஏறி ஜன்னல் பக்கம் நின்றால் கடல் காற்று ஆளைத் தள்ளுகிறது. யாருக்கு எந்தக் காற்று கிடைத்தது என்பதும் உள்ளூர் வரலாறுதானே.

அந்தக் கீழ்த்தளம் பற்றி இன்னொன்று. இந்தக் கோட்டையில்தான் ஜெர்மனியிலிருந்து வந்த கிறிஸ்தவப் பாதிரியார் சீகன்பால்குவை நாலு மாதம் சிறை வைத்தார்கள், 1708-இலிருந்து 1709 வரைக்கும். அவரை இங்கே அனுப்பியது டென்மார்க் அரசர், அவரைச் சிறையில் போட்டது டென்மார்க் கம்பெனியின் ஆளுநர். இரண்டு பேருமே ஒரே நாட்டுக்காரர்கள்! கம்பெனிக்கு வியாபாரம் முக்கியம், இவர் வந்து ஊர் ஜனங்களோடு பழகி வேதம் சொல்லிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தொந்தரவு.

கோட்டையில் கேட்க ஆளில்லாமல் போன காலமும் உண்டு, எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்த கதை. 1639-க்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து இந்தப் பக்கம் கப்பலே கிளம்பவில்லை, அடுத்த கப்பல் வந்து சேர்ந்தது 1669-இல். இடையில் இருந்தவர்கள் செத்தும் ஓடியும் போய், கடைசியில் மிஞ்சிய டென்மார்க்காரர் ஒரே ஒருவர், எஸ்கில்ட் கொங்ஸ்பாக்கே. எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் ஊர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, வங்காள விரிகுடாவில் போகிற கப்பல்களைப் பிடித்துக் கொள்ளையடித்து, அந்தக் காசில் ஊரைக் காப்பாற்றி வைத்திருந்தார். கப்பல் வந்தபோது கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது என்றால் பாருங்கள். இந்தக் கதை தெரிந்து போனால் கொத்தளத்தில் நின்று கடலைப் பார்ப்பதே வேறு மாதிரி இருக்கும், ஆகவே போவதற்கு முன் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். கடைசியில் 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

கோட்டையிலிருந்து நடக்கிற தூரத்தில் சீகன்பால்குவின் வீடு இருக்கிறது, அதையும் அருங்காட்சியகம் ஆக்கி 2017-இல் திறந்தார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரத்து அறக்கட்டளைக்கு இதில் பெரிய பங்கு, ஏனென்றால் அவர் படித்து வந்த இடம் அது. கோட்டைக்கு நேர் எதிரான அனுபவம் இது. கோட்டையில் கட்டடம் பேசும், இங்கே விஷயம் பேசும். 1706-இல் கப்பலிலிருந்து இறங்கியவர், ஊர்ப் பிள்ளைகளோடு மணலில் எழுத்துப் பழகி, 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சடித்து முடித்துவிட்டார். ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்து ரொம்பப் பெரிதாக இருந்ததால் காகிதம் போதாமல் போய், இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாவின் ஈயத்தைத்தான் அதற்கு உருக்கினார்கள் என்று சொல்வார்கள். பொறையாறு பக்கத்தில் காகிதப் பட்டறையும் போட்டார்கள், அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பேர். அச்சுத் தொழிலில் யாராவது உங்கள் வீட்டில் இருந்திருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், வெளியே வரமாட்டார்.

கட்டட வேலை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இந்த விமர்சனம் எழுதியதற்கே அர்த்தமில்லை. கடற்கரைக் கட்டடத்துக்கு எமன் உப்பு. செங்கல்லுக்குள் ஏறிய ஈரம் வெளியே வர வழி வேண்டும், சுண்ணாம்புக் காரை அதற்கு வழிவிடும், சிமெண்ட் அடைத்துவிடும். அடைத்தால் உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். அதனால்தான் தரங்கம்பாடியில் பழைய கட்டடங்களைச் சீர்செய்தபோது சுண்ணாம்புக்குப் போனார்கள். பொற்கொல்லர் தெருவில், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு எடுத்துச் செய்த பழைய தமிழ் வீடுகளைப் போய்ப் பாருங்கள், திண்ணையும் மரத்தூணும் ஓட்டுக்கூரையுமாக. கோட்டைக்கு எதிரே ஆளுநர் பங்களாவும் டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு அப்படித்தான் எழுந்து நின்றது.

இதை நான் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம், வேறொரு ஊரில், பேர் வேண்டாம், ஒரு பழைய மாளிகையை அருங்காட்சியகம் ஆக்கியதைப் பார்த்துவிட்டு வந்த கோபம். மழமழவென்று இருந்த பழைய தரையின் மேல் பளபளக்கும் டைல்ஸ், தூணில் ஓட்டை போட்டு ஏசி குழாய், சுவர் முழுக்க பிளாஸ்டிக் பெயிண்ட், அது அடுத்த மழைக்கே கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. அங்கே இருந்தவரிடம் கேட்டால், "வர்றவங்களுக்கு புதுசா தெரியணும் சார்" என்கிறார். புதுசாகத் தெரிய வேண்டும் என்றால் எதற்குப் பழைய கட்டடம், பக்கத்திலேயே ஒரு ஹால் கட்டியிருக்கலாமே?

டேன்ஸ்போர்க்கில் எனக்கு ஒரே ஒரு ஆசை. கப்பலில் வந்தவர்கள் கதை சரி. அலைக்கு வெளியே நின்ற கப்பலிலிருந்து மூட்டையை இறக்கிக் கரைக்குக் கொண்டுவந்த இந்த ஊர் மீனவர்களுக்கு ஒரு முழு அறை வேண்டும். 2004 சுனாமியில் இந்தக் கரை இழந்தவர்களுக்கும் அதே அறையில் இடம் வேண்டும். அப்புறம், சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, பயணியர் மாளிகைக் காலத்துக்கும் ஒரு மூலை. ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு கூஜா, ஒரு வருகைப் பதிவேடு போதும். பெரியப்பா மேல்தள ஜன்னல் ஒன்றைக் காட்டி, "இங்கதான்டா கட்டில், ராத்திரி பூரா அலைச்சத்தம், ஒரு பொட்டுத் தூங்கல" என்றார். (தூங்கியதாகத்தான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.) பக்கத்தில் நின்ற ஒரு காலேஜ் பையன் அவரிடம் அரைமணி நேரம் கேள்வி கேட்டான்.

மதிப்பெண் என்று கேட்டால் கோட்டைக்கு பத்துக்கு ஏழரை, சீகன்பால்கு வீட்டுக்கு எட்டு. பெரியப்பா கோட்டைக்கு ஒன்பது போட்டார், அதில் ஒன்று கட்டிலுக்கு. காலையில் சீக்கிரம் போங்கள், முன்னால் இருக்கும் மைதானத்தில் நிழல் கிடையாது, குடை கட்டாயம். முட்டிவலி உள்ளவர்கள் படிக்கட்டை யோசித்துக்கொள்ளுங்கள், அம்மா பாதியில் உட்கார்ந்துவிட்டார். திரும்பும்போது மாசிலாமணிநாதர் கோயிலையும் பாருங்கள், 1306-இல் குலசேகர பாண்டியன் கட்டியது, முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. அங்கே கல்வெட்டில் இந்த ஊரின் பேர் சடங்கன்பாடி.