ஹட்டன் பிசியோ கிளினிக்: படி மோசம், வைத்தியம் நல்லது

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் நோவோடு வருகிறவர்களைப் பார்க்கிற இடத்தை இரண்டாம் மாடியில், அதுவும் கைப்பிடி ஆடுகிற படிக்கு மேலே யாராவது வைப்பார்களா? ஹட்டன் டவுனில் ஒரு பார்மசிக்கு மேலே இருக்கிற இந்த கிளினிக்கில் வைத்திருக்கிறார்கள். 13 வயது மகள், 1500 மீற்றர் ஓடுகிறவள், பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக ஏறினாள். மேலே ஐந்து கதிரை, பத்துப் பேர், ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தோம்.

இதற்கு முன் பாம் தேய்த்தோம், கட்டுப் போட்டோம். வேறொரு இடத்தில் காட்டியபோது காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மாத்திரை எழுதி, ரெஸ்ட் எடுங்க என்று அனுப்பிவிட்டார்கள். வலய மட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எந்தப் பிள்ளை ரெஸ்ட் எடுக்கும்?

இங்கே பிசியோ மிஸ் முழங்கால் சில்லுக்கு இரண்டு விரல் கீழே பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார், பிள்ளை துள்ளிவிட்டாள். அந்த இடம் புடைத்திருந்ததை நானே அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒஸ்குட் ஷ்லாட்டர் என்று பெயராம், 1903இல் அதைப் பற்றி எழுதிய இரண்டு டொக்டர்மாரின் பெயர். வளருகிற வயதில் எலும்பு மடமடவென்று நீளும், தொடைத் தசை அதற்கு ஈடுகொடுக்காமல் இறுகிக் கிடக்கும், ஓடும்போதும் குதிக்கும்போதும் அந்தத் தசை, இன்னும் முற்றாத எலும்பு முனையைத் திரும்பத் திரும்பப் பிடித்து இழுக்கும், அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம் ஒரு துண்டுக் காகிதத்தில் ஏழு கட்டம் கீறி, "ஒரு கிழமைக்கு என்னென்ன பிராக்டிஸ், எத்தனை மணித்தியாலம், எல்லாத்தையும் எழுதுங்க தங்கச்சி" என்றார். காலையில் பாடசாலை மைதானம், பின்னேரம் நெட்போல், அதற்கு மேல் தோட்டத்துக் கிளப் பிள்ளைகளோடு பெக்டரி ரோட்டில் இறக்க ஓட்டம், ஞாயிறும் விடுவதில்லை. கூட்டினால் 17! வயது எத்தனையோ அத்தனை மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, வாரத்தில் ஒரு நாளாவது முழுசாக விட வேண்டும் என்று சொன்னார். இறக்கத்தை உடனே நிறுத்தச் சொன்னார், ஏற்றத்தைவிட அதுதான் அந்த இடத்தை வாட்டுமாம்.

ஓடவே வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. நோவு பத்துக்கு மூன்றைத் தாண்டாத அளவுக்கு ஓடலாம், மறுநாள் காலை கூடியிருந்தால் குறைக்க வேண்டும். தொடைக்கு நாலு பயிற்சி. ஐஸ் வைக்கச் சொன்னதும், குளிருக்கு எங்கள் பீலித் தண்ணீர் போதாதா மிஸ் என்று கேட்டேன், சிரித்துவிட்டு, துணியில் சுற்றிப் பதினைந்து நிமிஷம் வையுங்க ஐயா என்றார். இரவில் தூங்கவிடாத நோவு வந்தாலோ, கணுக்கால் பக்கத்து எலும்பில் ஒரே புள்ளியில் குத்தினாலோ அது வேறு, எலும்பில் வெடிப்பாக இருக்கலாம், டொக்டரிடம் போய்விடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

முதல் தடவை 2,500 ரூபா, பிறகு 1,500. ஆறு கிழமையில் நோவு நன்றாகக் குறைந்துவிட்டது, புடைப்பு மட்டும் இருக்கிறது, அது அப்படியே நிற்கலாமாம். வலய மட்டப் போட்டிக்குப் போகவில்லை, இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். ஓட்டம் பழக்குகிற சேருக்கும் கோபம்தான், அந்தக் காகிதத்தைக் காட்டும்வரை. பார்த்துவிட்டு, "இவ நெட்போலும் விளையாடுறாளா?" என்று என்னிடம் கேட்டார்.

புதன்கிழமை கூட்டம் குறைவு. ஏறும்போது இடது பக்கக் கைப்பிடியைப் பிடியுங்கள், ஆடுவது வலது பக்கம்.