ஊழியப் பயிற்சிக்குக் காணிக்கை திரட்டுகிறீர்களா? முதல் கடிதம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஆறு மாத மிஷனெரிப் பயிற்சிக்காகக் காணிக்கை திரட்டினேன். பயிற்சிக்குப் போகவும் இல்லை, பணம் திரும்பி வரவும் இல்லை. என்னை நம்பிக் கொடுத்த 41 பேருக்கு நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதே வழியில் இப்போது போய்க்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக நடந்ததை எழுதுகிறேன். அமைப்பின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவர்கள் நடந்துகொண்ட விதத்தைத் தெரிந்துகொண்டால், எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

விண்ணப்பம், போதகரின் பரிந்துரைக் கடிதம், வீடியோவில் ஒரு நேர்காணல். ஒரே வாரத்தில் "தெரிந்துகொள்ளப்பட்டீர்கள்" என்று மின்னஞ்சல் வந்தது. கூடவே ஒரு பட்ஜெட் தாள்: பயணச்சீட்டு, விசா, காப்பீடு, தங்குமிடம், பயிற்சி, நிர்வாகச் செலவு. தலைப்புகள் இருந்தன. எதற்கு எவ்வளவு என்பது இல்லை. கடைசி வரியில் மொத்தத் தொகை மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. அழைப்பு வந்த சந்தோஷத்தில் அது என் கண்ணில் படவில்லை. புறப்பட 60 நாள் இருக்கும்போதே முழுத் தொகையும் சேர்ந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

ஊழியத்துக்காக ஜெபமும் காணிக்கையும் கேட்கும் ஜெபக் கடிதம் எழுதினேன். சபையார், உறவுக்காரர்கள், பழைய ஆசிரியை, கூட வேலை பார்த்தவர்கள் என்று ஒருவர் விடாமல் அனுப்பினேன். காசு கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் தவறு இருப்பதாக இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. கூடாரம் தைத்துப் பிழைத்த அப்போஸ்தலன் பவுலே, தெசலோனிக்கேயில் இருந்தபோது பிலிப்பி சபையார் ஒருமுறைக்கு இருமுறை உதவி அனுப்பியதை நன்றியோடு எழுதியிருக்கிறார். கொடுப்பவருக்கும் அந்த ஊழியத்தில் பங்கு உண்டு.

எங்கள் சபையில் ஒரு பாட்டி இருக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்து ஓர் உறையை வைத்து அழுத்துவார். எப்போதோ வந்த கடிதத்தின் உறையைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டியிருப்பார். மேலே பென்சிலால் மாதத்தின் பெயரும், கீழே "பிள்ளையின் ஊழியத்துக்கு" என்றும் எழுதியிருக்கும். அன்றைக்கே அந்தத் தொகையை அமைப்பின் கணக்கில் கட்டிவிட்டு நோட்டில் குறித்துக்கொள்வேன். மற்றவர்கள் நேராக அமைப்புக்கே அனுப்பினார்கள். யார், எப்போது, எவ்வளவு என்று அவர்களிடம் கேட்டு அதையும் எழுதினேன். அந்த நோட்டு மட்டும் இல்லையென்றால் இன்று என் கையில் எதுவுமே இருந்திருக்காது.

நான்காம் மாதம் இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டார்கள், "ரசீதே வரலையேம்மா?" அமைப்புக்கு எழுதினேன். நான்கு முறை நினைவூட்டிய பிறகு ஒரு கணக்குத் தாள் வந்தது. என் நோட்டின்படி தேவையில் 82 விழுக்காடு சேர்ந்திருந்தது. அவர்கள் தாளில் 64. வந்த ஒவ்வொரு காணிக்கையிலும் 10 விழுக்காடு நிர்வாகத்துக்கு, 12 விழுக்காடு "களப் பங்களிப்பு" என்று பிடித்திருந்தார்கள். நிர்வாகச் செலவு பட்ஜெட் தாளிலேயே ஒரு தலைப்பாக இருந்தது, அதாவது ஒரே செலவுக்கு இரண்டு தடவை. களப் பங்களிப்பு என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டேன். "சிஸ்டர், கர்த்தருடைய பணத்துக்குக் கணக்கு கேட்கிறீங்களே, உங்க விசுவாசம் எங்கே போச்சு?" என்றார். எனக்கு நா எழவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு போனை வைத்தேன். இந்த முழுக் கதையிலும் நான் மிக வருந்துவது அந்த மன்னிப்புக்காகத்தான்.

கெடு முடியப் பத்து நாள் இருக்கும்போது அடுத்த மின்னஞ்சல். நான் போகவிருந்த ஊழியக் களம் இந்த ஆண்டு இல்லையாம். அடுத்த குழுவோடு வேறொரு நாட்டுக்குப் போகலாம், அதற்குப் பட்ஜெட் வேறு. விசாவைப் பற்றிக் கேட்டதற்கு, சுற்றுலா விசாவில் போனால் போதும் என்றார்கள். பல நாடுகளில் சமயப் பணிக்கென்று தனி விசா இருக்கிறது. மாட்டிக்கொண்டால் திருப்பி அனுப்பப்படுவது நாம்தான். இதுவரை சேர்ந்த பணம் என்னாகும் என்றேன். "பொது ஊழிய நிதிக்குப் போகும்" என்று சொல்லி, நான் அதுவரை கண்ணாலும் பார்த்திராத ஒரு விதிமுறைத் தாளை இணைத்திருந்தார்கள். காணிக்கைகள் அமைப்புக்கே உரியவை, எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டா என்று அதில் இருந்தது.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். திருப்பித் தருவதில்லை என்ற விதி இருப்பதாலேயே ஓர் அமைப்பை மோசடி என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்கா போன்ற நாடுகளில் வரிச்சலுகை பெறும் நன்கொடை அமைப்பின் கட்டுப்பாட்டில்தான் இருக்க வேண்டும். இன்னாருக்கென்று கொடுத்தாலும் சட்டப்படி அது அமைப்புக்கான கொடை. நேர்மையான அமைப்புகளும் நிர்வாகத்துக்கென ஒரு பகுதியைப் பிடிப்பதுண்டு. ஆனால் அவர்கள் அதை முதல் நாளே எழுத்தில் தருவார்கள். அதை மறைத்ததுதான் எனக்கு நடந்த அநியாயம்.

கணக்கு கேட்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் வேதாகமத்தில் 2 கொரிந்தியர் 8-ம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். எருசலேம் பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணத்தைப் பவுல் தனியாகக் கையாளவில்லை. சபைகளே நியமித்த சகோதரனையும் கூட அனுப்புகிறார். யாரும் குற்றம் சொல்லாதபடி கர்த்தருக்கு முன் மட்டுமல்ல, மனிதர் முன்பும் யோக்கியமாய் நடக்க வேண்டும் என்று காரணத்தையும் சொல்கிறார். பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் எந்த மனிதரிடமும் பணம் கேட்பதில்லை என்று உறுதியெடுத்தவர். அவரும் வரவு செலவைக் காட்டும் அறிக்கைகளை அச்சிட்டு வெளியிட்டார். அவருக்கு இல்லாத விசுவாசமா?

ஆகவே ஒரே ஒரு ஜெபக் கடிதம்கூடப் போகும் முன்பு எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் எவ்வளவு? என்ன விழுக்காடு பிடிப்பீர்கள், அது பட்ஜெட்டுக்கு உள்ளேயா வெளியேயா? நான் போக முடியாமல் போனால் பணம் எங்கே போகும்? நீங்களே ரத்து செய்தால்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. வந்த பதிலை ஜெபக் கடிதத்திலேயே இரண்டு வரியாகப் போட்டுவிடுங்கள். கொடுப்பவர் அதைத் தெரிந்து கொடுக்கட்டும். போன வருடம் போய் வந்த இரண்டு பேரின் எண்ணைக் கேளுங்கள். எனக்கு "அவர்கள் களத்தில் இருக்கிறார்கள்" என்று சொல்லியே தட்டிக்கழித்தார்கள். முடிந்தால் காணிக்கை உங்கள் சபைக் கணக்கு வழியாகப் போகட்டும். கேள்வி கேட்க உங்களோடு பொருளாளரும் இருப்பார்.

41 பேருக்கும் நானே சொல்லத் தொடங்கினேன். சிலர் "விடும்மா" என்றார்கள். ஒரு சித்தப்பா இன்னும் சரியாகப் பேசுவதில்லை; அவர் கோபத்தில் தவறில்லை. பாட்டி வீட்டுக்குப் போனபோது அவர் முதலில் கேட்டது, "நீ எழுதி வெச்சிருக்கியா?" நோட்டைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் வேதாகமத்துக்குள்ளிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்தார். மாதம் மாதமாக இரண்டையும் ஒப்பிட்டு, பென்சிலால் ஐந்து டிக் போட்டார். "நான் கொடுத்ததும் நீ எழுதினதும் சரியா இருக்கு. இதே மாதிரி அவங்களையும் காட்டச் சொல்லு" என்று நோட்டை என் மடியில் வைத்தார்.

அமைப்புக்கு மூன்றாவது கடிதத்தைப் பதிவுத் தபாலில் நேற்று அனுப்பினேன். அந்த ஐந்து டிக் உள்ள பக்கத்தின் நகலும் அதில் இருக்கிறது.