ஜிசிசியா, எல்எல்விஎம்மா? 8 ஜிபி மடிக்கணினியில் எந்தப் பிழையைச் சமாளிக்கலாம்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நாம் எழுதும் நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரை மூலநிரலிலிருந்து உருவாக்கிப் பார்க்கும் மாணவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஜிசிசி, எல்எல்விஎம் இரண்டும் அதற்கான திட்டங்கள். "அண்ணா, ஜிசிசி பாதியில் நின்றுவிட்டது, எல்எல்விஎம்முக்கு மாறிவிடட்டுமா?" என்பதுதான் அவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. மாறினாலும் நிற்கும். ஜிசிசி பெரும்பாலும் கணினியில் ஏதோ ஒன்று இல்லாததால் நிற்கிறது. அதைச் சில நேரம் நேராகச் சொல்வதில்லை. எல்எல்விஎம் பெரும்பாலும் நினைவகம் போதாமல் நிற்கிறது. அதை மறைப்பதும் இல்லை. எந்தத் தொல்லையை நம்மால் தாங்க முடியும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஜிசிசி பழையது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்டார். அதன் முதல் தடை எளிது. ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி ஆகிய மூன்று கணித நூலகங்கள் இல்லாவிட்டால், உருவாக்கும் முன் கணினியைச் சோதிக்கும் கன்ஃபிகர் அந்த இடத்திலேயே பெயர் சொல்லி நின்றுவிடும். மூலநிரலோடு வரும் கான்ட்ரிப் அடைவில், தேவையானவற்றைத் தானே இறக்கித் தரும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதை ஓட்டினால் முடிந்தது. 32 பிட்டுக்கான தலைப்புக் கோப்பு ஒன்று இல்லை என்று நடுவில் நின்றால், 32, 64 பிட் இரண்டுக்கும் நூலகங்களை உருவாக்கும் மல்ட்டிலிப் வசதியை அணைத்துவிடுங்கள். 32 பிட் நிரல் யாருக்கும் தேவைப்படாத வீட்டில் அது இருந்தும் பயனில்லை.

ஆளை அலைய வைப்பது மூன்றாவது தடை. நெடுநேரம் ஓடிய பிறகு, ஜிசிசியின் துணை நூலகமான லிப்ஜிசிசியைத் தயார்செய்யும் கட்டத்தில், "ஆப்ஜெக்ட் கோப்புகளின் பின்னொட்டைக் கணக்கிட முடியவில்லை, கம்பைல் செய்ய இயலவில்லை" என்ற பொருளில் ஒரு செய்தி வரும். ஆப்ஜெக்ட் கோப்பு என்பது ஒவ்வொரு மூலக் கோப்பையும் கம்பைல் செய்ததும் கிடைக்கும் கோப்பு. அதன் பின்னொட்டுக்கும் நடந்ததற்கும் தொடர்பே இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவதுதான் இது. புதிதாக உருவான கம்பைலரைக் கொண்டு ஒரு சின்னஞ்சிறு நிரலைக் கன்ஃபிகர் சோதித்துப் பார்க்கிறது. அந்தக் கம்பைலரால் தொடங்கவே முடியவில்லை. ஏன் என்பது கன்ஃபிகர் எழுதிவைக்கும் கான்ஃபிக்.லாக் கோப்பில் இருக்கும். ஆனால் பலர் மேலே உள்ள பொது கான்ஃபிக்.லாகைத் திறந்துவிட்டு "ஒன்றும் இல்லையே" என்கிறார்கள். பார்க்க வேண்டியது, இலக்குக் கணினியின் பெயரைத் தாங்கிய அடைவுக்குள் லிப்ஜிசிசி அடைவில் கிடக்கும் தனி கான்ஃபிக்.லாக். அதைத் திறந்தால், எம்பிசி நூலகத்தின் பகிர்வுக் கோப்பை ஏற்ற முடியவில்லை என்ற வரி பல நேரம் கண்ணில் படும். நூலகங்களைக் கையால் தனி இடத்தில் நிறுவியவர்களுக்கு வரும் வினை இது. முன்சொன்ன ஸ்கிரிப்டைப் பயன்படுத்தினால் மூன்றும் ஜிசிசியோடு சேர்ந்தே உருவாகும். இந்தப் பேச்சே எழாது.

இன்னொன்று, ஜிசிசி தன்னைத் தானே மூன்று சுற்று உருவாக்கிக்கொள்ளும். கணினியில் ஏற்கெனவே உள்ள கம்பைலர் முதல் சுற்றை உருவாக்கும். அது இரண்டாவதை, இரண்டாவது மூன்றாவதை. பிறகு இரண்டாம், மூன்றாம் சுற்றின் ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் பழைய மடிக்கணினியில் மணிக்கணக்கில் ஓடும். ஓரளவு புதிய ஜிசிசி ஏற்கெனவே இருந்தால், கற்றுக்கொள்வதற்காக உருவாக்குபவர்கள் இந்தச் சுற்றுகளை அணைத்துவிடலாம் என்பது என் கருத்து.

எல்எல்விஎம் 2000இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம். உருவாக்கத்தைத் திட்டமிடும் சிமேக், அதை நடத்தும் நிஞ்சா, பைத்தான், ஒரு நல்ல சி++ கம்பைலர் இருந்தால் போதும். கணித நூலகத் தொல்லை இல்லை. சிக்கல் கடைசியில் வரும். ஆயிரக்கணக்கான கோப்புகள் சரியாகக் கம்பைல் ஆன பிறகு, அவற்றை ஒன்றாக இணைக்கும் லிங்கர் 9ஆம் சிக்னலால் கொல்லப்பட்டது என்று ஒரு வரி வரும். லிங்கர்மீது குற்றமில்லை, நினைவகம் தீர்ந்ததால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதைக் கொன்றிருக்கும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக் கட்டளையில் அதற்கான தடயம் கிடைக்கும். நிஞ்சா தன்போக்கில் விட்டால், கணினியின் கோர்களைவிட இரண்டு அதிகமாகவே வேலைகளைத் தொடங்கும். அவற்றில் பல ஒரே நேரத்தில் லிங்க் ஆகத் தொடங்கினால் 8 ஜிபி எந்த மூலைக்கு?

மருந்து இருக்கிறது. உருவாக்க வகையை ரிலீஸ் என்று வையுங்கள். பிழை தேட உதவும் தகவல்களையும் சேர்க்கும் டீபக் வகை வட்டில் பல்லாயிரம் எம்பியை விழுங்கும், லிங்க் செய்யும்போது நினைவகத்தையும் தின்னும். லிங்க் வேலைகளை ஒன்றாகக் குறையுங்கள். எல்லாச் செயலிகளுக்குமான பின்பகுதியை உருவாக்காமல் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகைச் செயலிகள்) மட்டும் கேளுங்கள். இந்த மூன்றைச் செய்தால் 8 ஜிபியில் எல்எல்விஎம்மின் சி, சி++ கம்பைலரான கிளாங் உருவாகிவிடும். ஒரு எச்சரிக்கை: சிமேக் பழைய தேர்வுகளைத் தன் கேஷ் கோப்பில் வைத்திருக்கும். கம்பைலரை மாற்றினால் அடைவையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

பிழையைப் படிக்கும் வசதியில் எல்எல்விஎம் பல படி மேல். எந்தக் கட்டளை தோற்றது என்பதை நிஞ்சா முழுதாக, அதன் செய்தியோடு சேர்த்துக் காட்டும். அதைப் பிரதியெடுத்துத் தனியே ஓட்டலாம். நிஞ்சாவுக்குப் பதிலாக ஜிசிசி பயன்படுத்தும் மேக் என்ற கருவியில் பல வேலைகள் சேர்ந்து ஓடும்போது செய்திகள் கலந்துவிடும். கடைசி வரியில் "பிழை 2" என்று மட்டும் இருக்கும். உண்மையான காரணம் நூறு வரி மேலே கிடக்கும். ஒரே வேலையாக மறுபடி ஓட்டினால்தான் அது முகத்தைக் காட்டும்.

இரண்டிலும் இங்கே பொதுவாக வரும் ஒன்று மின்வெட்டு. ஆடி மாதக் காற்றில் கற்பூர மரம் கம்பியில் விழுந்தால், மின்சாரம் எப்போது திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது. மடிக்கணினியின் பேட்டரி தேய்ந்திருந்தால் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் கோப்பு காலியாகவே நின்றுவிடலாம். பிறகு மேக் அந்தக் கோப்பின் தேதியைப் பார்த்து, வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். லிங்க் செய்யும்போதுதான் "கோப்பு அறியப்படவில்லை, துண்டிக்கப்பட்டிருக்கிறது" என்று வரும். உடனே எல்லாவற்றையும் அழிக்கத் தேவையில்லை. அளவு சுழியமான ஆப்ஜெக்ட் கோப்புகளை ஃபைண்ட் கட்டளையால் தேடி அவற்றை மட்டும் நீக்கிவிட்டுத் தொடருங்கள்.

புதிய பதிப்புக் கம்பைலர் ஒன்று வேண்டும், அவ்வளவுதான் என்பவருக்கு ஜிசிசி; சி, சி++ மட்டும் போதும் என்று சொல்லி, சுற்றுகளை அணைத்து உருவாக்கினால் நினைவகம் பெரிதாகக் கடிக்காது. கம்பைலரின் உள்ளே கைவைத்து மாற்றிப் பார்க்க வேண்டும் என்பவருக்கு எல்எல்விஎம்தான், நினைவகம் போதாதபோது வட்டில் கைகொடுக்கும் ஸ்வாப் கோப்பைப் பெரிதாக்கிக்கொண்டாவது. 4 ஜிபி வைத்திருப்பவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு லினக்ஸ் வழங்கலில் கிடைக்கும் தொகுப்பை நிறுவிக்கொள்ளலாம்.