புரை ஆபரேஷனுக்குப் பிறகு: ஈரச் சொட்டு மருந்தோடு ஒரு வருஷத்துக்கு மேல்

கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை 1992 முதல் மதுரையிலேயே செய்கிறார்கள். அதனாலோ என்னவோ, இங்கே புரை ஆபரேஷன் ஆன ரெண்டு பேர் சந்தித்தால் 'என்ன லென்ஸ் வச்சீங்க, எவ்வளவு ஆச்சு' என்றுதான் பேச்சு தொடங்கும். அதற்கப்புறம் மாதக்கணக்கில் விட்ட சொட்டு மருந்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. நான் தையல்காரன், விளக்குத்தூண் பக்கம் கடை. கண்தான் எனக்குப் பிழைப்பு, அதனால் எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்ததும் தருகிற ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு சொட்டுகள் டாக்டர் சொன்ன கணக்குப்படி குறைந்து நின்றுவிடும். நான் சொல்வது கண்ணை ஈரமாக வைக்கிற சொட்டு. கட்டுப் பிரித்ததும் பார்வை பளிச்சென்று இருந்தது. ஆனால் மெஷினில் குனிந்து கொஞ்ச நேரத்தில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும், தையல் கோடு மங்கும், ரெண்டு தடவை இமைத்தால் தெளியும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தாரை தாரையாகத் தண்ணீர். அந்தக் கண்ணைப் பார்த்து டாக்டர் 'காய்ஞ்சு போயிருக்கு' என்றார்!

மஞ்சள் சாயத் தாளைக் கண்ணில் தொட்டு, நீல விளக்கில் பார்த்துவிட்டு விளக்கமும் சொன்னார். கருவிழி ஓரத்தில் போடுகிற வெட்டு இப்போதைய முறையில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு, தையல்கூட வேண்டாம். ஆனால் அதில் நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன. கண் காய்கிறது என்று சேதி சொல்லி இமைக்க வைப்பதும் கண்ணீர் சுரக்க வைப்பதும் அவைதான். மேல்தோல் சில நாளில் மூடிவிடும், நரம்பு தழைக்க மாதங்கள் ஆகும். உற்றுப் பார்க்கிற வேலையில் இமைப்பது வேறு குறையும். உறுத்தலுக்குக் கொட்டுகிற தண்ணீர் கண்ணில் தங்காமல் வழிந்துவிடுமாம்.

முதலில் எழுதித் தந்த ஈரச் சொட்டு கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ் 0.5 சதவீதம். விலை குறைவு, எந்த மெடிக்கலிலும் கிடைக்கும். விட்டதும் சுகம்தான், ஆனால் மெஷினில் உட்கார்ந்தால் அரைமணி தாங்காது. தடவைகள் கூடக் கூட எரிச்சலும் கூடியது. என் பாட்டில் கெடாமலிருக்கச் சேர்த்திருந்த பென்சால்கோனியம் குளோரைடு அடிக்கடி விழுந்தால், ஆறிக்கொண்டிருக்கிற மேல்தோலையே பதம் பார்க்கும். டாக்டர் அந்த ரசாயனம் கலக்காத சோடியம் ஹையலுரோனேட் என்கிற வேறொரு ஈரச் சொட்டுக்கு மாற்றினார். ஒரு தடவைக்கு ஒன்று என்று குட்டி பிளாஸ்டிக் குப்பிகள், நுனியைத் திருகி ஒடித்து விட வேண்டும். விலை கடிக்கத்தான் செய்கிறது, ஆனால் எரிச்சல் அடங்கியது. ராத்திரிக்கு ஜெல். போட்டதும் எதுவும் தெளிவாகத் தெரியாது, படுக்கப் போகும்போதுதான் சரிப்படும்.

விடுகிற பக்குவம் முக்கியம். வீட்டில் மனைவிதான் விடுவார்: "மேல பாருங்க, அங்கிட்டு இங்கிட்டு ஆட்டாதீங்க." கீழ் இமையை இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரே சொட்டு. குப்பி நுனி இமை முடியில் படக்கூடாது. பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் லேசாக அழுத்த வேண்டும். ரெண்டு சொட்டு விட்டால் சீக்கிரம் ஆறும் என்று சொல்வார்கள், ரெண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும். வேறு மருந்தும் இருந்தால் ஐந்து, பத்து நிமிஷம் இடைவெளி, ஜெல் கடைசியில்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்தச் சொட்டு கருவிழி ஆறும்வரை ஈரம் காக்கிறதே தவிர, கிருமியையோ வீக்கத்தையோ தீர்க்காது. வலியும் சிவப்பும் கூடினாலோ, இமைத்தும் பார்வை தெளியாவிட்டாலோ மெடிக்கலில் நிற்காமல் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இப்போது சாதாரண நாளில் காலையும் மாலையும் விட்டால் போதும், அதற்குப் பாட்டிலே வாங்குகிறேன். திறந்த தேதியை மூடியில் எழுதிவைத்து, ஒரு மாதம் ஆனதும் மிச்சமிருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவேன். நாலு தடவைக்கு மேல் விட வேண்டிய தீபாவளித் தையல் நேரத்துக்கு மட்டும் குப்பி.